உளி பிடித்த விரல்கள்

பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. சாவியை நுழைத்து எவ்வளவு முறுக்கியும் டாக்டர் பால் பிராண்டால் அதைத் திறக்க முடியவில்லை. அவர் எலும்பு அறுவை மருத்துவர். மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் பார்த்தவர் என்பதால் கையில் வலுவுக்குக் குறைவில்லை. பக்கத்தில் நின்றிருந்த நோஞ்சான் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கினான். ஒரே திருகு, பூட்டு திறந்துகொண்டது. பிராண்டுக்கு ஆச்சரியம். பிறகுதான் தரையில் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தார். பையனின் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

தொழுநோய் அவன் கையை மரத்துப்போகச் செய்திருந்தது. வலி இருந்திருந்தால் பாதித் திருகிலேயே விரல் தானாக நின்றிருக்கும். போதும் என்று சொல்ல ஆளில்லாத கை, இருந்த பலத்தையெல்லாம் போட்டுவிட்டது.

இந்தியாவில் பணியாற்றிய காலத்து இந்தச் சம்பவத்தைப் பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குட்டையாகின்றன என்ற பழைய கேள்விக்கான விடை இதில்தான் ஒளிந்திருந்தது. அந்த விடையை முழுதாக வெளியே கொண்டுவந்த இடம் ஒரு தச்சுப் பட்டறை.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் கிறிஸ்தவ மிஷன்கள் காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் பள்ளிகள் நடத்தி வருகின்றன. அநேகமாக எல்லாப் பள்ளியிலும் வகுப்பறையை ஒட்டி ஒரு தையல் கூடமோ தச்சுக் கூடமோ இருக்கும். ஆண்டு விழாவுக்கு வருகிறவர்கள் அங்கே பின்னிய கூடையையும் தைத்த பையையும் வாங்கிக்கொண்டு, ‘பாவம், எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் ‘பாவம்’ என்ற சொல் என்னைப் பல காலமாக உறுத்துகிறது. பட்டறையில் நடந்தது பரிதாபத்துக்குரிய காரியம் அல்ல. கற்றுக்கொடுக்கப் போனவர்கள்தான் அங்கே அதிகம் கற்றுக்கொண்டார்கள்.

கொல்லிமலையிலிருந்து வேலூருக்கு

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸியும் தாய் எவ்லினும் மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட பையன் தந்தையை மறுபடி பார்க்கவே இல்லை. 1929இல் ஜெஸ்ஸி மலைக் காய்ச்சலில் இறந்துபோனார். எவ்லின் 95 வயதில் சாகும்வரை மலைமக்களோடுதான் வாழ்ந்தார்.

மகனுக்கு முதலில் மருத்துவத்தில் நாட்டமில்லை. மரமும் செங்கல்லும்தான் பிடித்தன. சில ஆண்டுகள் கட்டட வேலை பழகிய பிறகே லண்டனில் மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டில் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனின் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே மடங்கிப்போன விரல்களோடு ஒருவர் செருப்பின் வாரை அவிழ்க்கப் போராடிக்கொண்டிருந்தார். பிராண்ட் தன் கையை அவர் கைக்குள் வைத்து, ‘அழுத்துங்கள்’ என்றார். அவர் அழுத்திய வேகத்தில் பிராண்டின் கை நொந்துபோனது.

செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்த கையில் இத்தனை வலு எங்கிருந்து வந்தது? முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று மின்சாரம் பாய்கிறதே, அந்த நரம்பைத்தான் தொழுநோய் முதலில் பிடிக்கிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடுகின்றன. முன்கையின் பெரிய தசைகள் நன்றாகவே இருக்கும். அவற்றில் ஒன்றின் தசைநாரைப் பிரித்து, விரல்களுக்குத் திருப்பிவிட்டால் என்ன? இளம்பிள்ளை வாதத்துக்குச் செய்த அறுவை முறையை யாரும் அதுவரை தொழுநோயாளிக்குச் செய்து பார்த்ததில்லை. ‘கெட்ட சதை, ஆறாது’ என்பது அன்றைய நம்பிக்கை. வேலூரில் செய்து பார்த்தார்கள். ஆறியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் வழக்கமான அற்புதக் கதையாகப் போயிருக்கும். ஆனால் குணமாகி ஊருக்குப் போன இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். வேலை தர ஆளில்லை, குடியிருக்க இடம் தர ஆளில்லை. முன்பாவது மடங்கிய கையைக் கண்டு நாலு பேர் காசு போட்டார்கள், இப்போது அதுவும் குறைந்துவிட்டது. நீங்கள் சரிசெய்த கை பிச்சைக்குக்கூட உதவவில்லை என்பது அவர்கள் முறையீடு. அறுவை சிகிச்சையில் பிராண்ட் செய்த பிழை எதுவுமில்லை. நிமிர்ந்த விரலுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதை அதுவரை யாரும் யோசிக்கவில்லை.

நவஜீவ நிலையம்

1951இல் வேலூர் பாகாயத்தில், மருத்துவக் கல்லூரி வளாகத்தின் ஓரம், மரங்களுக்கிடையே சில மண்வீடுகள் எழுந்தன. வெள்ளையடித்த சுவர்கள், ஊரில் இருப்பது போன்ற எளிய குடில்கள். மூதாட்டி ஒருவர் தந்த நன்கொடையில் தொடங்கிய அந்த இடத்துக்கு நவஜீவ நிலையம் என்று பெயர். கை அறுவை செய்துகொண்ட பையன்களும் இளைஞர்களும் அங்கேயே தங்கித் தொழில் கற்றார்கள். முக்கியமாகத் தச்சு வேலை. மரப் பொம்மைகள் செய்தார்கள். பட்டறையில் பாடம் எடுத்தவர்களில் பிராண்டும் ஒருவர். வாலிப வயதில் பழகிய இழைப்புளியும் உளியும் மறுபடி அவர் கைக்கு வந்தன.

பொம்மைகளின் எண்ணிக்கையோடு காயங்களின் எண்ணிக்கையும் ஏறியது. காலையில் முழுதாக இருந்த விரலில் மாலையில் கொப்புளம். நேற்றுவரை இருந்த நகக்கண் இன்று புண். ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால், ‘தானாக வந்தது, நோய்தானே’ என்பார்கள். மருத்துவர்களும் காலங்காலமாக அதையே நம்பினார்கள். தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும் என்பது ஊரறிந்த செய்தி.

பிராண்டும் அவருடைய குழுவும் அதை நம்புவதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு, பையன்களின் கைகளைத் தவறாமல் சோதித்தார்கள். காயத்தைத் தொட்டு, நேற்று என்ன செய்தாய், எதைப் பிடித்தாய், எங்கே உட்கார்ந்தாய் என்று விசாரித்தார்கள். துப்பறியும் வேலைதான். சுத்தியல் கைப்பிடியில் சிலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது; பிடித்தவனுக்குத் தெரியவில்லை. உளியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை நம் உள்ளங்கை நமக்குச் சொல்கிறது. இவனுக்குச் சொல்ல ஆளில்லை, ஐந்து மடங்கு இறுக்கிப் பிடிக்கிறான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம், விளக்கின் சூடான கண்ணாடி, துருப்பிடித்த சாவி. ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. கைப்பிடிகளைத் தடிமனாக்கி வழுவழுப்பாக இழைத்தார்கள். வியர்க்காத தோல் வறண்டு வெடிக்கும் என்பதால் கையை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவும் பழக்கம் வந்தது.

ஒரு புதிர் மட்டும் அவிழாமல் நின்றது. இரவில் முழுதாக இருந்த விரலின் ஒரு பகுதி விடியும்போது காணாமல் போயிருக்கும். யாராவது விழித்திருந்து பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்தார்கள். எலி வந்தது, தொங்கிக்கொண்டிருந்த கையை முகர்ந்தது, கடித்தது. தூங்குகிறவன் அசையவில்லை. அதன் பிறகு அங்கே பூனை வளர்ப்பது மருத்துவ முறையின் ஒரு பகுதியானது. ஊர் திரும்புகிறவர்கள் கூடவே ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள்.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. எத்தனை தலைமுறை மனிதர்கள், தங்கள் விரல்கள் சாபத்தால் உதிர்கின்றன என்று நம்பிச் செத்திருக்கிறார்கள்! எலி கடித்ததும் விளக்கு சுட்டதும் பாவத்தின் சம்பளமாகவே அவர்களுக்குச் சொல்லப்பட்டன. ஆலயங்களிலும் அப்படித்தான் பிரசங்கம் நடந்தது. பையன்கள் பகல் முழுதும் கையால் வேலை செய்ததாலும், அந்தக் கைகளை ஒருவர் விடாமல் கவனித்ததாலும்தான் உண்மை தெரிந்தது. ஊசி மருந்து மட்டும் கொடுத்துப் படுக்கையில் வைத்திருந்தால் தெரிந்திருக்காது.

கைக்குக் கிடைத்த பாடம் காலுக்கும் போனது. மரத்த பாதம் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திப் புண்ணாகிறது என்று கண்டார்கள். பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் அட்டையில் செருப்பு தைத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று அரசு மருத்துவமனைகளில் தரப்படுவது அந்த வழியில் வந்ததுதான். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தச் செருப்புத் தொழிலே ஒரு தனித் துறையாக வளர்ந்தது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், இதே அறிவை மரத்த பாதம் கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுத்தினார். இன்று உங்கள் வீட்டுப் பெரியவருக்கு டாக்டர், ‘வெறுங்காலோடு நடக்காதீர்கள், ராத்திரி படுக்கும்முன் பாதத்தைப் பாருங்கள்’ என்று சொல்கிறார் அல்லவா? அந்த அறிவுரைக்குப் பின்னால் வேலூர்ப் பையன்களின் கையும் காலும் இருக்கின்றன.

பாளையங்கோட்டையின் ஊசி நூல்

வேலூருக்கு அரை நூற்றாண்டு முன்பே திருநெல்வேலிச் சீமையில் இந்த வேலை தொடங்கிவிட்டது. 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற ஒரு பையனுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அது பார்வையற்றோர் பள்ளியானது. அதே பத்தாண்டின் பிற்பாதியில், அதே ஊரில், ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளில் ஒன்றான அது, அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக இன்றும் நடக்கிறது.

அந்தக் காலத்தில் காது கேளாத பெண் குழந்தையின் கதியை நினைத்துப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ‘ஊமை’ என்பதே பெயர். நல்ல காரியங்களில் முன்னால் வரக்கூடாது. அப்படிப்பட்ட பெண் ஒருத்தி எழுதப் படிக்கக் கற்று, ஊசியும் நூலும் பிடித்துத் தைத்துக் காசு சம்பாதிப்பது சாதாரண மாற்றமா? வீட்டில் அவளுக்குப் பெயர் கிடைத்திருக்கும். மிஷன் பள்ளிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. அதை மனமாரச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.

அடுத்தது கசப்பானது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் ஆசிரியர்களின் மாநாடு கூடியது. வந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். சைகை மொழியை விட்டுவிட்டு, உதட்டசைவைப் படிக்கவும் வாயால் பேசவும் மட்டும் பழக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் நிழல் பல நாடுகளின் பள்ளிகள்மீது படிந்தது. இந்தியாவிலும் பல பள்ளிகளில் வகுப்பில் கை அசைந்தால் தண்டனை கிடைத்தது. ஆனால் அதே கை மாலையில் தையல் கூடத்துக்கு வந்தால் பாராட்டு. பேசக் கூடாத கை, தைக்க மட்டும் வேண்டும்! 2010இல் வான்கூவர் மாநாட்டில்தான் மிலான் தீர்மானங்களை அதிகாரபூர்வமாக நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். இடையில் 130 ஆண்டுகள். விடுதிப் படுக்கையறையில், விளையாட்டுத் திடலில், பட்டறை மூலையில் பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிப் பேசித்தான் மொழியைக் காப்பாற்றினார்கள்.

தொழில்களின் பட்டியலும் அப்படியே உறைந்துபோனது. பெண்ணென்றால் தையல், எம்பிராய்டரி. பையனென்றால் தச்சு, பைண்டிங், அச்சுக் கோப்பு. பார்வையற்றவனென்றால் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல். அச்சகத்தின் இரைச்சல் பாதிக்காது என்பதால் உலகெங்கும் காது கேளாதவர்களை ஈய எழுத்துக் கோக்க வைத்தார்கள். நல்ல கூலி கிடைத்த தொழில்தான். கணினி வந்ததும் ஈய எழுத்துகள் உருக்கப்பட்டன, கோத்தவர்கள் தெருவில் நின்றார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் கணக்கையும் எழுத்தையும் மொழியையும் அதே அக்கறையோடு கற்றுக்கொடுத்திருந்தால், அவர்களில் பலர் அடுத்த தொழிலுக்குத் தாவியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அலபாமாவிலிருந்து அக்ராவுக்கு

தொழில் மட்டும் போதும் என்ற இந்த எண்ணத்தின் விளைவைத் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்தவர் ஆண்ட்ரு ஃபாஸ்டர். 1925இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். 11 வயதில் மூளைக்காய்ச்சலில் அவருக்கும் அவர் சகோதரருக்கும் காது போனது. இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த அந்த மாநிலத்தில் கறுப்பினக் காது கேளாதோருக்கென இருந்த பள்ளியில் சில வகுப்புகளுக்கு மேல் கிடையாது. கைத்தொழில் கற்றுப் போனால் போதும் என்பதே அங்கெல்லாம் எண்ணம். தொழிற்கல்வி அவருக்கு வாசலாக இல்லை, தலைக்குமேல் தட்டும் கூரையாக இருந்தது. அவர் டெட்ராய்டுக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்தார். காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் 1954இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர்தான். பிறகு கல்வியியலும் கிறிஸ்தவ ஊழியமும் படித்தார்.

1957இல் கானாவின் அக்ராவுக்குப் போய், பள்ளி முடிந்த பிறகு காலியாகும் வகுப்பறைகளை இரவல் வாங்கிப் பாடம் தொடங்கினார். அங்கிருந்து 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறக்கும்வரை 13 நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நிறுவினார். ஞாயிறு வகுப்பும் ஆசிரியர் பயிற்சியும் தொழிலும் சேர்ந்தே நடந்தன. தன்னைப் போலவே காது கேளாத ஜெர்மானியப் பெண் பெர்ட்டாவை மணந்துகொண்டார். ஆப்பிரிக்கக் காது கேளாத இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பழக்கினார். ஒரு கிராமத்துப் பையன் முதன்முறையாகத் தன்னைப் போலவே கையால் பேசும் பெரிய மனிதரை, பட்டம் பெற்றவரை, பள்ளி நடத்துகிறவரைப் பார்க்கும்போது அவனுக்குள் என்ன நடந்திருக்கும்! இதை எந்தப் பட்டறையாலும் தர முடியாது.

ஃபாஸ்டரிடமும் ஒரு குறை உண்டு. அவர் கொண்டுபோனது அமெரிக்கச் சைகை மொழி. கானாவில் அடமொரோபே என்ற கிராமத்தில் பரம்பரையாகக் காது கேளாதவர்கள் பலர் பிறக்கிறார்கள். ஊர் முழுக்கப் புரிந்துகொள்ளும் தனிச் சைகை மொழியே அங்கே உண்டு. அந்தப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் போய் வந்தபோது வேறு மொழியோடு வந்தார்கள். ஊர் மொழி மெலிந்தது. நல்ல மனம் படைத்தவர்கள் செய்கிற தவறும் தவறுதான்.

பட்டியலை யார் எழுதுவது?

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அரசுப் பணியில் 4 விழுக்காடு இடம் ஒதுக்குகிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அதில் அடங்குவர். 2019இல்தான் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் பல சமயங்களின் சட்டங்களிலிருந்து, கிறிஸ்தவர்களின் மணமுறிவுச் சட்டம் உட்பட, நீக்கப்பட்டன. இவ்வளவு தாமதமாகவா என்று கேட்கத் தோன்றுகிறது. சென்னையில் காது கேளாதவர்கள் பி.காம்., பி.சி.ஏ. படிக்கிறார்கள். மிஷன் விடுதிகளிலோ பல இடங்களில் இன்றும் பெண் பிள்ளைக்கு முதலில் காட்டப்படுவது தையல் மெஷின்தான். தையல் உயர்ந்த தொழில். அதை விரும்பிக் கற்கிற பெண்ணுக்கு நவீன மெஷினும் வடிவமைப்பும் கடை நடத்தும் கணக்கும் கற்றுக்கொடுங்கள். விரும்பாதவளிடம், ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று அவள் மொழியில் கேளுங்கள். கேட்பதற்கு அந்த மொழி தெரிய வேண்டும். எத்தனை தாளாளர்களுக்குத் தெரியும்?

ஆலயத்திலும் அதே கதைதான். காது கேளாதவரையும் முடவரையும் பிரசங்கத்தில் குணமாக்கப்படுகிறவர்களாகவே நிறுத்துகிறோம். பீடத்துக்குப் பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்தும் ஆலயங்கள் சில இருக்கின்றன. அங்கே கைகளால் பாடும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். ஆனால் சபை மன்றத்தில், பள்ளி நிர்வாகக் குழுவில், எந்தத் தொழிலுக்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்யும் மேசையில் காது கேளாத ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்களா? தச்சனுடைய மகனைத் தொழுகிற சபைக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கக் கூடாது.

அப்படி ஒருவர் வேலூரில் உட்கார்ந்தார். கொச்சியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. மருத்துவப் படிப்பை முடித்திருந்த இளம்பெண். இனி என்ன என்று எல்லாரும் திகைத்தபோது, உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை ஒன்று உண்டு என்று பிராண்டும் மற்றவர்களும் யோசித்துச் சொன்னார்கள். தொழுநோயாளிகளின் கை அறுவைதான் அது. அவர் அதைக் கற்றார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென ஒரு துறையையே வளர்த்தார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கி நடக்கவும் உட்காரவும் வீட்டு வேலையும் தொழிலும் பழகும் மறுவாழ்வு நிலையம் 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அறுவை அரங்கில் அவருடைய சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவார்கள். மேசையின் அடியில் உணர்வில்லாத இரண்டு கால்கள். மேசையின் மேலே, விளக்கு வெளிச்சத்தில், உணர்வில்லாத ஒரு கை. அந்தக் கையை அவர் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, முன்கையில் எந்தத் தசைநாரை எடுப்பது என்று தேடத் தொடங்குவார்.